பதினொரு பேர், ஒரு குளியலறை, ஒரு வேன்

நேற்று ராத்திரி மதினி குடும்பத்தை நெல்லை எக்ஸ்பிரஸில் ஏற்றிவிட்டு வந்தோம். இன்று காலை ஆறரைக்கு எழுந்தால் குளியலறைக் கதவு ஹாயாகத் திறந்து கிடக்கிறது. எனக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் ஓடவில்லை. பதினாறு நாளாக அந்தக் கதவை மூடியே பார்த்துப் பழகிவிட்டேன். உள்ளே ஒரு ஆள், வெளியே துண்டோடு ரெண்டு ஆள், "இன்னும் எவ்ளோ நேரம்?" என்று ஒரு குரல்.

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டில் சாதாரணமாக நாலு பேர்: நான், என் வீட்டுக்காரர், பையன், மாமியார். இந்த மே மாதம் சென்னையிலிருந்து அவருடைய அக்கா (என் மதினி), அத்தான், ரெண்டு பெண்பிள்ளைகள். புனேயிலிருந்து கொழுந்தன், ஓரகத்தி, அவர்கள் பையன். கூட்டிப் பார்த்தால் பதினொன்று. தண்ணீர்த் தொட்டி ஒன்றுதான். காலை எட்டு மணிக்குள் மோட்டாரை ரெண்டு தடவை போட்டோம். கரண்ட் பில் வரும்போது நான் ஊரில் இருக்கக்கூடாது.

போன இடங்களை நாள்வாரியாக, செலவோடு எழுதினால் அடுத்த லீவுக்குத் திருநெல்வேலி வருகிறவர்களுக்கு உதவும் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் கணக்கு நோட்டைத் திறந்ததும் முதலில் கண்ணில் பட்டது வேன் வாடகை. அதைச் சொல்லாமல் வேறெதையும் எழுத எனக்குக் கை வராது.

பன்னிரண்டு சீட் வேன். போனில் பேசியது நாள் வாடகை 5,500 ரூபாய், 250 கிலோமீட்டர் வரை. "எல்லாம் சேத்துதானே?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார், "எல்லாம் சேத்துதான் சார்" என்றார் டிரைவர். பாபநாசம் அகஸ்தியர் அருவி, வரும் வழியில் திருப்புடைமருதூர், பொழுது சாய வீடு. ஓடியது 130 கிலோமீட்டருக்குள்தான். வாசலில் இறங்கியதும் அந்த மனுஷன் ஒரு துண்டுச் சீட்டை நீட்டினார். ஏசி 800, மலை ஏறியதற்கு 700, காத்திருப்பு 300, பேட்டா 500. மொத்தம் 7,800.

மலையாம்! பாபநாசம் கோயிலைத் தாண்டி அருவிக்கு ஏறும் அந்தச் சின்ன வளைவுகளுக்கு 700 ரூபாய். கொடைக்கானல் போயிருந்தால் வீட்டை எழுதி வாங்கியிருப்பார். ஏசி விஷயம் இன்னும் மோசம். முன்சீட்டில் ரெண்டு பேருக்குக் காற்று வந்தது. நடுவில் உள்ள துவாரத்திலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர்தான் வந்தது, அதுவும் ஓரகத்தியின் புதுச் சுடிதார் மேல். கடைசி வரிசையில் நானும் பிள்ளைகளும் கத்திரி வெயிலில் வெந்துகொண்டே வந்தோம். ஜன்னலைத் திறந்தால் "ஏசி வேஸ்ட் ஆவும், மூடுங்க" என்று சத்தம் வேறு. ஒரு சீட்டின் முதுகு சாய்ந்தால் நிமிராது. அத்தான் பாவம், போக வர வானத்தைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

நாங்கள் நாலைந்து பேர் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டிருந்தபோது என் மாமியார் மெதுவாக இறங்கி வந்தார். அவருக்கு ஒரு காது சரியாகக் கேட்காது. நல்ல காதைச் சாய்த்து அந்த ஆளிடம் காட்டி, "என்ன சொல்லுத? சத்தமாச் சொல்லு" என்றார்.

"ஏசிக்கு 800, ஆச்சி."

"ஏய்யா, ஏசிய எப்ப போட்டே? நான் பூரா முந்தானிய வச்சில்லா விசிறிக்கிட்டு வந்தேன்?"

"மலைக்கு 700..."

"என்னது?"

"மலை ஆச்சி, மலை!"

"கேக்கலய்யா, இன்னொருக்கச் சொல்லு."

நாலாவது தடவை அவர் "மலை" என்று கத்தும்போது எதிர்வீட்டுக்காரர்கள் வெளியே வந்துவிட்டார்கள். ஐந்தாவது தடவை அவருக்கே சொல்ல வெட்கமாக இருந்திருக்கும். கடைசியில் வாடகை 5,500, பேட்டா 500, வாயை மூட 200. மொத்தம் 6,200-இல் முடிந்தது. வேன் எடுப்பவர்கள் ஏசி, பேட்டா, மலை, கிலோமீட்டரை எங்கிருந்து எண்ணுவார்கள் என்பதையெல்லாம் வாட்ஸப்பில் எழுத்தாக வாங்கிக்கொள்ளுங்கள். வாயால் சொல்வதெல்லாம் வண்டி நிற்கும்போது மறந்துபோகிறது.

சரி, அருவி. கொழுந்தன் வந்த நாளிலிருந்து "குற்றாலம், குற்றாலம்" என்று ஜெபித்துக்கொண்டிருந்தான். மே மாதக் குற்றாலம் வெறும் பாறை. சீசன் என்பது தென்மேற்குப் பருவமழை இறங்கும் ஜூனிலிருந்துதான். புனேக்குப் போனதும் அதெல்லாம் மறந்துவிட்டது போலிருக்கிறது. கோடை மழை பெய்தால் தண்ணீர் வரும், ஆனால் அதை நம்பியும் நிற்க முடியாது. 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீரென்று பாய்ந்த வெள்ளம் ஒரு பள்ளிக்கூடப் பையனைக் கொண்டுபோய்விட்டது. அதிலிருந்து மாமியார் மே மாதத்தில் குற்றாலம் என்ற பேச்சையே எடுக்கவிட மாட்டார். அகஸ்தியர் அருவியில் வருஷம் முழுக்கத் தண்ணீர் விழும். வெயில் காலத்துக்கு அதுதான் கதி.

வனத்துறைச் சோதனைச் சாவடியில் பையைத் திறந்து பார்க்கிறார்கள். பிளாஸ்டிக், சோப்பு, ஷாம்பு எதுவும் மேலே போகக்கூடாது. மதினியின் மூத்தவள் எதற்கோ எட்டு ஷாம்பு பாக்கெட் கொண்டுவந்திருந்தாள். அத்தனையும் போனது. "அத்தே, தலைய எப்படிக் கழுவ?" என்று அழாத குறை. அருவிக்கடியில் போய் நில்லுடி, அது கழுவும் என்றேன். நின்றாள். பதினைந்து நிமிஷம் கழித்து அவளை வெளியே இழுக்க நானும் ஓரகத்தியும் சேர்ந்து போராட வேண்டியிருந்தது. விடுமுறைக் கூட்டம்தான், முதுகோடு முதுகு உரசுகிறது. ஆனாலும் அந்தத் தண்ணீர் உச்சந்தலையில் விழும் நிமிஷத்தில் 700 ரூபாய் மலையெல்லாம் மறந்துபோகும். (எங்களுக்கு அந்த 700 அப்போது தெரியாது என்பது வேறு விஷயம்.)

அருவியைவிட எனக்குப் பிடித்தது திருப்புடைமருதூர். வீரவநல்லூர்ப் பக்கம் திரும்பி வயலுக்கு நடுவே போகவேண்டும். தாமிரபரணியோடு கடனாநதி வந்து சேரும் இடம். கரையெல்லாம் மருதமரம். மரத்து மேலெல்லாம் பறவை, கீழே நாறும்பூநாதர் கோயில். 2005-இல் இந்த இடத்தைப் பறவைகளுக்கான காப்பகமாக அறிவித்தார்கள். கோபுரத்துக்குள் அடுக்கடுக்காக நாயக்கர் காலத்து ஓவியங்களும் மரச்சிற்பங்களும் இருக்கின்றன. அன்றைக்கு மேலே ஏற வாய்க்கவில்லை. அதற்காகவே இன்னொரு தடவை போகவேண்டும், வேன் இல்லாமல்.

இங்கே லிங்கம் நேராக இருக்காது, ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். ஆற்றில் வெள்ளம். கடக்க முடியாமல் எதிர்க்கரையில் நின்ற கருவூர்ச் சித்தர் கூப்பிட, அது என்னவென்று கேட்கச் சாமி காதைச் சாய்த்ததாகக் கதை. அர்ச்சகர் இதைச் சொல்லும்போது மாமியார் சன்னதி முன்னால் நல்ல காதை அவர் பக்கம் சாய்த்து நின்றார். உள்ளே சாமி ஒரு சாய்வு, வெளியே இவர் ஒரு சாய்வு. சின்னவள் என் கையைக் கிள்ளிக் காட்டினாள். சிரிப்பை அடக்க நான் நந்தியைப் பார்க்க வேண்டியதாயிற்று.

அப்புறம் படித்துறை. முழங்கால் ஆழம், அடியில் மணலும் கூழாங்கல்லும் தெரிகிற தண்ணீர். புனேப் பையன் அசையாமல் நின்றான், குட்டி மீன்கள் வந்து காலைக் கொத்தின. முதலில் அலறினான். பிறகு "பெரியம்மா, கூச்சமா இருக்கு" என்று சிரித்துக்கொண்டே, காலை எடுக்காமல், ஒரு மணி நேரம். புளியோதரையும் தயிர்சாதமும் படியில் உட்கார்ந்தே தின்றோம். வாழையிலைத் துண்டு, உருளைக்கிழங்குப் பொடிமாஸ், மோர்மிளகாய். டிரைவருக்கும் ஒரு இலை வைத்தோம். ரெண்டாவது தடவை புளியோதரை கேட்டு வாங்கித் தின்றுவிட்டுத்தான் அந்தச் சீட்டை எழுதியிருக்கிறார்!

வேனுக்குப் பிறகு என் வீட்டுக்காரர் சிக்கனத்தில் இறங்கிவிட்டார். இனி எங்கே போனாலும் பஸ்தான் என்று உத்தரவு. எனக்கு அதில் வருத்தமே இல்லை. டவுனுக்கு முகப்பில் ரோஸ் அடித்த டவுன் பஸ்ஸில் போனோம். பெண்கள் ஆறு பேருக்கும் காசில்லை. ஆண்கள் ஐந்து பேருக்கு மட்டும் டிக்கெட். ஆறு பெண்களும் சீட்டில், ஐந்து ஆண்களும் கம்பியில். காசு கொடுத்தவன் நிற்கிறான் என்று அத்தான் புலம்பிக்கொண்டே வந்தார்.

ஆற்றுப்பாலம் வந்ததும் என் வீட்டுக்காரர் வழக்கமான பாடத்தை ஆரம்பித்தார். சுலோசன முதலியார் என்பவர் தன் சொந்தப் பணத்தைப் போட்டுக் கட்டியது, 1843-இல் திறந்தார்கள், அதற்கு முன்னால் ஆற்றைக் கடக்கப் படகுதான். பாளையங்கோட்டையில் இருப்பவர்களுக்கு இது ஆயிரத்தோராவது தடவை. மூத்தவள் கேட்டாளே ஒரு கேள்வி: "மாமா, அந்த வேன் டிரைவர் கட்டியிருந்தா பாலத்துக்கு எவ்ளோ வாங்கியிருப்பார்?" கண்டக்டர்கூடச் சிரித்துவிட்டார்.

நெல்லையப்பர் கோயிலில் இசைத்தூண்களைப் பார்த்தோம், தாமிரசபையையும் பார்த்தோம். நடராஜர் ஆடிய ஐந்து சபைகளில் நம்மூருக்கு வாய்த்தது செம்பு. கோயில் பெரியது, சுடுகிற கல்லில் பிள்ளைகள் குதித்துக் குதித்து ஓடினார்கள். சாயங்காலம் போங்கள், அவ்வளவுதான் சொல்வேன். வெளியே வந்ததும் எல்லோர் காலும் தானாக இருட்டுக்கடைப் பக்கம் திரும்பியது. வரிசை கீழரத வீதியில் நீண்டு நின்றது. மதினியும் ஓரகத்தியும் கிலோக்கணக்கில் வாங்கப் பிடிவாதமாக நின்றார்கள். என் கருத்தைச் சொன்னால் ஊரைவிட்டு ஒதுக்குவார்கள், இருந்தாலும் சொல்கிறேன்: சூடாக, கையில் நெய் ஒழுக, கடை வாசலில் நின்று தின்றால் டவுனில் நாலைந்து கடை அல்வா அருமையாகத்தான் இருக்கும். பெட்டியில் போட்டு சென்னைக்குக் கொண்டுபோய் ஃபிரிட்ஜில் வைத்து நாலு நாள் கழித்துத் தின்பதற்கு எந்தக் கடை அல்வாவும் பெரிய வித்தியாசம் தெரியாது.

கிருஷ்ணாபுரம் போனது தனிக் கதை. பாளையங்கோட்டையில் பன்னிரண்டு வருஷமாக இருக்கிறேன். திருச்செந்தூர் போகும்போதெல்லாம் பஸ் ஜன்னலில் அந்த ஊர்ப் பலகையைப் பார்த்ததோடு சரி. விருந்தாளி வந்தால்தான் நமக்கு நம்மூர் தெரிகிறது. நாங்கள் ஏறியது திருச்செந்தூர் வண்டி, எல்லோருக்கும் டிக்கெட். வெங்கடாசலபதி கோயில், நாயக்கர் காலம். மதியம் நடை சாத்துவதற்குள் போய்விடுங்கள். மன்மதன் கரும்பு வில்லோடு, ரதி அன்னத்தின் மேல், கர்ணன் நாகாஸ்திரத்தோடு. அத்தனையும் ஆள் உயரத்துக்கு, ஒரே கல்லில். சின்னவள் கர்ணன் பக்கத்தில் போய் நின்று, தன் முன்கையைத் தூக்கி வைத்து, அவன் கையிலிருக்கும் நரம்பையும் தன் கை நரம்பையும் மாறி மாறிப் பார்த்தாள். விரல் நகங்களில்கூட விளிம்பு தெரிகிறது. போனை எடுக்காமல் பத்து நிமிஷம் நின்றாள். அந்தப் பிள்ளை போனைக் கீழே வைத்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

திரும்பும்போது ரோட்டோரம் பதநீர். நுங்கை வழித்துப் பதநீரில் போட்டுப் பனையோலைப் பட்டையில் ஊற்றிக் கொடுக்கிறார்கள், ஒன்று 50 ரூபாய். பட்டையை ரெண்டு கையாலும் பிடித்து ஓரத்தில் வாய் வைத்தால், முதலில் ஓலை வாசனை, பிறகு இனிப்பு, கடைசியில் வழுக்கிக்கொண்டு வாய்க்குள் வரும் நுங்கு. ஓரகத்தி முதல் பட்டையைச் சட்டையில் கொட்டிக்கொண்டாள். புனேக்காரிக்குப் பழக்கமில்லை. ரெண்டாவது வாங்கினாள், மூன்றாவதும் வாங்கினாள். 700 ரூபாய் கிட்ட ஆனது. ஒரு மலையின் விலை! ஒருத்தரும் முணுமுணுக்கவில்லை.

கடைசி நாள் மதினி "சொதி வை" என்று கேட்டார். கல்யாணத்துக்கு மறுநாள் வைக்கும் சாப்பாட்டைக் கத்திரி வெயிலில் பதினொரு பேருக்கு! ஐந்து தேங்காய். முதல் பால், ரெண்டாம் பால், மூன்றாம் பால் என்று தனித்தனியாக எடுத்து, மூன்றாம் பாலில் காயை வேகவைத்து, பாசிப்பருப்பு சேர்த்து, கடைசியில் முதல் பாலை ஊற்றி, நுரை கட்டியதும் அடுப்பை அணைத்து எலுமிச்சை பிழிய வேண்டும். ஒரு நிமிஷம் விட்டால் திரிந்துவிடும். தொட்டுக்கொள்ள இஞ்சித் துவையல். அதை அரைக்காமல் சொதி வைப்பவர்களோடு எனக்குப் பேச்சு இல்லை. மிக்ஸி ரெண்டாவது தடவை சூடாகி நின்றபோது நானும் நின்றுவிட்டேன். அத்தான் வந்து "நான் திருகுறேன் தாயி" என்று தேங்காயை வாங்கிக்கொண்டார். சட்டி காலி.

நோட்டில் மொத்தம் கூட்டவில்லை. காய்கறி, பால், கேஸ் வரைக்கும் கூட்டிவிட்டு மூடிவைத்துவிட்டேன்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே மதினியிடமிருந்து போன் வந்தது. மாமியார்தான் எடுத்தார். ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது. "எம்மா, நல்லபடியா வந்து சேந்தாச்சு. பிள்ளைகளுக்கு இங்க இருப்பே கொள்ளலை. டிசம்பர் லீவுக்கு மறுபடி வாரோம். இவரு தம்பி வீட்டுலயும் நாலு பேரு வாராங்களாம்."

மாமியார் என்னைப் பார்த்தார். போனை நல்ல காதிலிருந்து எடுத்து, கேட்காத காதில் வைத்துக்கொண்டார்.

"என்னட்டி சொல்லுத? ஒண்ணும் கேக்கலியே."