ஒற்றைத் தலைவலிக்கு மின் அக்குபஞ்சர்: மாட்டுங்காவில் பத்து அமர்வுகள்

எனக்கு ஒற்றைத் தலைவலி முதன்முதலில் வந்தது 19 வயதில். இப்போது எனக்கு 44. இடப்பக்கப் பொட்டில் விண்விண்ணென்று தொடங்கும் வலி கண்ணுக்குப் பின்னால் இறங்கிப் பிடரி வரை பரவும். வெளிச்சமும் தாளிப்பு வாசனையும் பொறுக்காமல், வாந்தி எடுத்து, இருட்டறையில் படுத்தால் ஒரு நாளோ இரண்டு நாளோ கழித்துத்தான் எழுந்திருப்பேன். மும்பை தாராவியில் மாநகராட்சியின் தமிழ்வழிப் பள்ளி ஒன்றில் தமிழாசிரியையாக இருக்கிறேன். சென்ற ஆண்டு மாதத்தில் 11 நாள் தலைவலி என்ற நிலை வந்தபோது, விடுப்புக் கணக்கும் தீர்ந்தது, வலி வந்ததும் போடும் சுமாட்ரிப்டான் மாத்திரையும் எல்லை மீறும் அளவுக்கு வந்துவிட்டது. அந்த மாத்திரையை மாதம் 10 நாளோ அதற்கு மேலோ தொடர்ந்து சில மாதங்கள் எடுத்தால், மாத்திரையே தலைவலிக்குக் காரணமாகிவிடும் என்று நரம்பியல் மருத்துவர் எச்சரித்தார்.

சிறுவயதிலிருந்தே எனக்கு ஆஸ்துமா இருப்பதால் தடுப்பு மருந்தாகப் புரோப்ரனலால் தர இயலாது என்று சொல்லி, அவர் டோபிராமேட் கொடுத்தார். தலைவலி சற்றுக் குறைந்தது உண்மை. ஆனால் விரல் நுனிகள் மதமதத்தன, அதைவிட மோசமாகச் சொற்கள் நழுவத் தொடங்கின. ஏழாம் வகுப்பில் இலக்கணம் நடத்திக்கொண்டிருந்தபோது 'வினையெச்சம்' என்ற சொல் வாய்க்கு வராமல் கரும்பலகை முன் நின்றேன். முன்வரிசையில் இருந்த மாணவி மெதுவாக எடுத்துக் கொடுத்தாள். இருபது ஆண்டுகளாகச் சொல்லிக் கொடுத்த சொல் அது. அன்று இரவு என் கணவரிடம், வலியை வேண்டுமானால் தாங்கிக்கொள்கிறேன், இதைத் தாங்க முடியாது என்று சொன்னேன்.

மருத்துவரிடம் இதைச் சொன்னபோது அவர் அளவைக் குறைத்தார். அக்குபஞ்சர் செய்து பார்க்கலாமா என்று நானே கேட்டேன். மறுப்பார் என்று எதிர்பார்த்தேன், மறுக்கவில்லை. மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு 2012இல் வெளியிட்ட தலைவலி வழிகாட்டுதலில், புரோப்ரனலால், டோபிராமேட் இரண்டும் ஒத்துவராதவர்களுக்கு 5 முதல் 8 வாரங்களுக்குள் 10 அமர்வுகள் வரை அக்குபஞ்சர் செய்து பார்க்கலாம் என்று இருப்பதை அவர்தான் எடுத்துச் சொன்னார். இரண்டு நிபந்தனைகள் விதித்தார்: அவர் சொல்லாமல் எந்த மருந்தையும் நிறுத்தக் கூடாது, தலைவலி நாட்களையும் மாத்திரைகளையும் ஒரு நாள் விடாமல் எழுதி வர வேண்டும்.

முதலில் நான் போன இடம் தவறான இடம். மூன்றே அமர்வில் நோயை வேரோடு எடுத்துவிடுவதாகச் சொன்னார்கள். ஆங்கில மருந்து அனைத்தையும் இன்றே நிறுத்துங்கள் என்றார்கள். டோபிராமேட்டைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரக்கூடும் என்பதால் அதைப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும் என்பதை நான் முன்பே கேட்டறிந்திருந்தேன். அறியாத ஒருவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று நினைக்கும்போது இன்றும் கோபம் வருகிறது. அங்கே ஊசிகள் உறை பிரிக்கப்படாமல் இருக்கவில்லை. எஃகுத் தட்டில் வெறுமனே கிடந்தன. கட்டணம் கட்டாமல் எழுந்து வந்துவிட்டேன்.

அதன் பிறகுதான் முறையாக விசாரித்தேன். அக்குபஞ்சரைத் தனி மருத்துவ முறையாக மத்திய அரசு 2019இல் ஏற்றுக்கொண்டது. மகாராஷ்டிரத்தில் இதற்கெனத் தனிச் சட்டமும், பயிற்சி பெற்றவர்களைப் பதிவு செய்யும் குழுவும் உண்டு. ஆகவே மும்பையில் இருப்பவர்கள் பதிவுச் சான்றைக் காட்டச் சொல்லிக் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். இந்த மருத்துவம் நம் நாட்டுக்கு வந்த கதையிலும் மும்பைக்குச் சிறு தொடர்பு இருக்கிறது. 1938இல் சீனாவுக்குச் சென்ற ஐந்து இந்திய மருத்துவர்களில் மும்பையில் படித்த துவாரகாநாத் கோட்னிஸ் ஒருவர். அவருடன் சென்ற பிஜோய் குமார் பாசுதான் பின்னாளில் மீண்டும் சீனா சென்று இக்கலையைக் கற்று, கொல்கத்தாவில் தொடங்கி வைத்தவர்.

நான் தேர்ந்தெடுத்தவர் மாட்டுங்காவில் இருக்கும் ஒரு மூத்த மருத்துவர். எம்.பி.பி.எஸ். முடித்து, அக்குபஞ்சரிலும் பதிவு பெற்றவர்; பாலக்காட்டுத் தமிழ் பேசுபவர். முதல் நாள் அரை மணி நேரம் கேள்விகள்தான் கேட்டார். பேஸ்மேக்கர் உண்டா, வலிப்பு வந்ததுண்டா, கர்ப்பமாக இருக்க வாய்ப்புண்டா, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுக்கிறீர்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டார். "குணமாகுமா டாக்டர்?" என்று கேட்டேன். "குணமாகும்னு சொல்ல மாட்டேன்மா. எண்ணிக்கை குறையலாம். ஆறு அமர்வுக்கு முன்னால எந்த முடிவுக்கும் வர வேண்டாம்" என்றார். அந்தப் பதிலால்தான் அவரிடம் தங்கினேன்.

வாரத்தில் திங்களும் வியாழனும், ஐந்து வாரம், மொத்தம் பத்து அமர்வுகள். ஒவ்வொன்றும் 30 நிமிடம், 800 ரூபாய். பள்ளி முடிந்து சயானில் மெதுவண்டி ஏறினால் அடுத்த நிலையம் மாட்டுங்கா. திரும்பும்போது குர்லாவில் மாறிச் செம்பூர்.

ஒருக்களித்துப் படுக்கச் சொல்லி, மூடிய உறையைக் கண்முன் பிரித்து, தலைமுடியைப் போல மூன்று நான்கு மடங்கு தடிமனான 0.25 மில்லிமீட்டர் ஊசிகளை எடுப்பார். பிடரியில் மண்டை எலும்புக்குக் கீழே உள்ள பள்ளத்தில் ஒன்று, காதுக்கு மேலே தலைமுடிக்குள் ஒன்று, கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் இடைப்பட்ட சதையில் ஒன்று, பாதத்தில் பெருவிரல் எலும்புக்கு அருகில் ஒன்று. தோலைத் துளைக்கும்போது எறும்புக் கடி அளவுதான். ஆனால் உள்ளே சென்றதும் ஊசியைச் சற்றுத் திருகுவார். அப்போது ஊசி முனையிலிருந்து ஒரு கனமும் மந்தமான குடைச்சலும் பரவும். அது வலியல்ல, அது வரவேண்டும் என்பார். அதன் பின்னரே பிடரி ஊசியையும் காதுக்கு மேலுள்ள ஊசியையும் சிறு கிளிப்புகளால், ஊசி வழியே மின்னோட்டம் செலுத்தும் ஒரு கருவியுடன் இணைப்பார். மின் அக்குபஞ்சர் என்பது இதுதான். இரு கைகளையும் ஒரே இணைப்பில் கோத்து மின்னோட்டம் மார்பைக் கடக்கும்படி வைப்பதே இல்லை.

ஷாக் அடிக்குமோ என்ற பயம் எனக்கு இருந்தது. அடிக்கவில்லை. மில்லியாம்பியர் கணக்கில் மிகச் சிறிய மின்னோட்டம் அது. குமிழைப் பூச்சியத்திலிருந்து மெதுவாகத் திருப்பி, நான் உணரத் தொடங்கியதும் நிறுத்திவிடுவார். நொடிக்கு 2 முறை துடிக்கும் ஓட்டமும் 100 முறை துடிக்கும் ஓட்டமும் சில நொடிகளுக்கு ஒருமுறை மாறி மாறி வரும். முதலாவதில் பிடரித் தசை யாரோ விரலால் தட்டுவதுபோல் துள்ளும். இரண்டாவதில் தேனீக் கூட்டம் ரீங்கரிப்பதுபோல் ஒரு நடுக்கம். ஏன் இரண்டு என்று கேட்டேன். பெய்ஜிங்கில் ஹான் ஜிஷெங் என்னும் அறிஞர் பல ஆண்டுகள் ஆராய்ந்து, குறைந்த அதிர்வெண்ணில் என்கெஃபலினும் எண்டார்ஃபினும், 100 ஹெர்ட்ஸில் டைனார்ஃபினும் சுரப்பதாகக் காட்டினார் என்றும், உடலே தயாரிக்கும் இந்த வலி அடக்கிகளை ஒருசேரத் தூண்டவே இரண்டையும் கலப்பதாகவும் சொன்னார். நெற்றி வலிக்குப் பிடரியில் ஏன் குத்த வேண்டும் என்பதற்கும் விளக்கம் இருந்தது: முகத்துக்கும் மூளைச் சவ்வுக்கும் செல்லும் முப்பெரு நரம்பின் செய்தியும், கழுத்தின் மேல்பகுதி நரம்புகளின் செய்தியும் மூளைத்தண்டின் அடியில் ஒரே இடத்தில் வந்து சேர்கின்றன.

மூன்றாவது அமர்வில் ஒரு தவறு செய்தேன். அன்று கார்த்திகைச் சோமவாரம். விரதம் இருந்து வெறும் வயிற்றோடு படுத்தேன். ஊசி குத்திய சில நிமிடங்களில் கண் இருட்டி, உடல் வியர்த்துக் குளிர்ந்தது. உடனே எல்லா ஊசிகளையும் எடுத்து, கால்களை உயர்த்தி வைத்து, சர்க்கரை போட்ட தேநீர் கொடுத்தார்கள். விரதம் இருப்பவர்கள் அன்றைய அமர்வைத் தள்ளிவைக்க வேண்டும். போதாக்குறைக்கு, பட்டினியே ஒற்றைத் தலைவலியைத் தூண்டும் காரணங்களில் ஒன்று. நான்காவது அமர்வு முடிந்த இரவில் வலி வழக்கத்தைவிடக் கூடுதலாகவே வந்தது, விட்டுவிடலாமா என்றும் தோன்றியது. ஆறு என்று அவர் சொன்ன கணக்கை நினைத்துத் தொடர்ந்தேன்.

ஏழாவது அமர்வுக்குப் பிறகே நாட்குறிப்பில் மாற்றம் தெரிந்தது. தொடங்கும் முன் மாதத்தில் 11 நாள் தலைவலி, 8 நாள் சுமாட்ரிப்டான். பத்து அமர்வுகள் முடிந்த அடுத்த மாதம் 7 நாள் தலைவலி, 4 நாள் மாத்திரை; அதற்கடுத்த மாதம் 5 நாள் தலைவலி. வரும் வலியின் கடுமை பெரிதும் மாறவில்லை. வாந்தி இன்னும் வருகிறது. இடைவெளிதான் நீண்டது, எனக்கு அந்த இடைவெளி போதுமானதாக இருந்தது.

இதில் எவ்வளவு ஊசியின் பயன், எவ்வளவு என் எதிர்பார்ப்பின் பயன் என்ற கேள்வியை நான் ஒதுக்கவில்லை. 2017இல் சீனாவில் 249 பேரிடம் நடந்த மின் அக்குபஞ்சர் ஆய்வில், உரிய புள்ளிகளில் 20 அமர்வுகள் குத்தப்பட்டவர்களுக்கு 16ஆம் வாரத்தில் மாதத் தாக்குதல்கள் சராசரியாக 3.2 குறைந்தன, புள்ளியல்லாத இடங்களில் குத்தப்பட்டவர்களுக்கு 2.1, ஊசியே குத்தப்படாமல் காத்திருந்தவர்களுக்கு 1.4. அதற்கு முந்தைய ஆண்டில் மருத்துவ ஆய்வுகளை மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 22 ஆய்வுகளைத் தொகுத்தபோதும், உண்மை அக்குபஞ்சருக்கும் போலி அக்குபஞ்சருக்கும் இடையே வேறுபாடு உண்டு, ஆனால் சிறியது என்றே கண்டது. தடுப்பு மருந்துகளோடு ஒப்பிட்டால் குறைந்ததல்ல, பக்கவிளைவும் குறைவு என்றும் சொன்னது. என் கணக்கிலும் குளிர்காலம் ஒரு காரணமாக இருந்திருக்கலாம், மாத்திரை எண்ணிக்கையை நானே கட்டுப்படுத்தியதும் உதவியிருக்கலாம். எனினும் என் நிலையில் ஒப்பிட வேண்டியது போலி ஊசியோடு அல்ல, சொற்களைப் பறித்த மருந்தோடு என்பது என் தீர்மானம்.

அந்த நாட்குறிப்பைப் பார்த்த பிறகு நரம்பியல் மருத்துவர் டோபிராமேட்டை வாரம் வாரமாகக் குறைத்து, பிப்ரவரி இறுதியில் முழுவதும் நிறுத்தினார். திடீரென்று வெடிப்பதுபோல் வரும் வலி, கை கால் மரத்துப்போதல், காய்ச்சலோடு கழுத்து விறைப்பு ஆகியவற்றில் எது வந்தாலும் அக்குபஞ்சருக்குப் போகாமல் நேரே மருத்துவமனைக்கு வர வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். அந்தத் தாள் நாட்குறிப்பின் முதல் பக்கத்தில் ஒட்டியிருக்கிறது. இப்போது மூன்று வாரத்துக்கு ஒருமுறை மாட்டுங்கா செல்கிறேன். ஜூன் மழை தொடங்கும்போது ஆண்டுதோறும் எனக்கு வலி கூடும். அதுவரை இதே இடைவெளியில் தொடர்ந்து, ஜூலையில் இரண்டு மருத்துவர்களிடமும் நாட்குறிப்பைக் காட்டி, மேலே என்ன செய்வது என்று கேட்பதாக இருக்கிறேன்.