அறுவைக்குப் பின் வரும் வாரங்கள்

ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் புராஸ்டேட் சுரப்பியின் வீக்கத்திற்கு யாங்கோனில் அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பி, தேறி வருகிறேன். நலம் விசாரித்த உறவுகள் அனைவருக்கும் நன்றி. சிறுநீர்ப் பாதை வழியாகவே கருவியைச் செலுத்தி, அடைத்துக்கொண்டிருந்த சதையைச் சுரண்டி எடுப்பதால் வெளியில் தையலோ தழும்போ இல்லை. ஆனால் உள்ளே இருக்கும் புண் ஆற 4 முதல் 6 வாரங்கள் வரை ஆகலாம் என்பதால், உடம்பில் தெம்பு வந்துவிட்டதே என்று அரிசி மூட்டையைத் தூக்கிவிடக் கூடாது. மலச்சிக்கலால் முக்குவதும் ஆகாது. சைக்காவில் (பக்கவாட்டில் இருக்கை வைத்த மூன்று சக்கர மிதிவண்டி) குலுங்கிப் போவதையும், சிறுநீர்ப்பையை உறுத்தும் கடைத் தேநீரையும் இப்போதைக்கு நிறுத்தியிருக்கிறேன்.

தெளிந்திருந்த சிறுநீர் இரண்டாம் வாரவாக்கில் திடீரெனச் சிவந்தபோது வீட்டில் கலங்கிப்போனார்கள். உள்ளே பொருக்கு உதிரும்போது அப்படி ஆவதுண்டு, தண்ணீர் நிறையக் குடியுங்கள் என்று மருத்துவர் முன்பே சொல்லியிருந்தார், அவ்வாறே தெளிந்துவிட்டது. இரத்தம் கட்டி கட்டியாக வந்தாலோ, சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ, காய்ச்சல் கண்டாலோ தாமதிக்காமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

இந்த அறுவைக்குப் பின் விந்து வெளியே வராமல் சிறுநீர்ப்பைக்குள் போய்விடுவது பலருக்கும் நேர்கிறது. கூச்சப்படாமல், கணவனும் மனைவியுமாக இதை மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.