அடீனியம்: வெயிலில் குடிக்கும், மழையில் அழுகும்

அடீனியம் வாங்கிப் போகிறவர்களுக்கு நர்சரியில் சொல்லி அனுப்பும் வாசகம் ஒன்று உண்டு: "தண்ணியே வேணாங்க, வாரத்துக்கு ஒரு தடவ தெளிச்சா போதும்." இதை அப்படியே நம்பினால், சித்திரை வெயிலில் மொட்டை மாடியில் செடி இலையைக் கொட்டிவிட்டுப் பூவில்லாமல் நிற்கும். தொட்டிக்குள் களிமண் இருந்தாலோ, அதே செடி ஐப்பசி மழையில் பத்தே நாளில் குழைந்து போகும். ஊற்றுகிற தண்ணீரின் அளவை எல்லோரும் கணக்குப் பார்க்கிறார்கள். அந்தத் தண்ணீர் வேரைச் சுற்றி எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதுதான் உண்மையான கணக்கு.

செடியின் சொந்த ஊரைப் பார்த்தால் இது விளங்கும். சஹாராவின் தெற்கு ஓரம், கிழக்கு ஆப்பிரிக்கா, அரேபியத் தீபகற்பத்தின் தென்பகுதி ஆகிய இடங்களில் பாறைச் சரிவுகளிலும் சரளைக் கற்களுக்கு நடுவிலும் வளர்வது இது. ஏமனின் ஏடன் நகரப் பெயரிலிருந்துதான் அடீனியம் என்ற பெயர் வந்தது. அங்கே மழை பெய்தால் கொட்டும், ஆனால் கற்களுக்கிடையே உடனே இறங்கிவிடும். கிடைத்ததைக் குடித்து அடித்தண்டில் சேர்த்து வைத்துக்கொள்ளும் செடி இது. ஈரத்தில் ஊறிக் கிடக்க அதற்குத் தெரியாது. ஏமனில் செடிகளைத் திரட்டிய பீட்டர் ஃபோர்ஸ்காலின் நூல் அவர் இறந்த பிறகு 1775இல் வெளிவந்தபோது, இது அரளியின் பேரினத்தில்தான் சேர்க்கப்பட்டிருந்தது. பேரினம் பின்னால் மாறியது. ஆனால் இரண்டும் ஒரே குடும்பம் என்பது பூவைப் பார்த்தாலே தெரியும், பாலைத் தொட்டாலும் தெரியும்.

அந்தப் பால் விஷம். இதயத் துடிப்பைப் பாதிக்கும் பொருட்கள் அதில் உள்ளன. ஆப்பிரிக்காவில் இதை அம்பு நுனியில் தடவி வேட்டையாடியிருக்கிறார்கள். வெட்டும்போது கையுறை போடுங்கள், கண்ணைத் தேய்க்காதீர்கள், வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். தவழும் குழந்தையோ, எதையும் கடித்துப் பார்க்கும் நாய்க்குட்டியோ வீட்டில் இருந்தால் தொட்டியை எட்டாத உயரத்தில் வையுங்கள்.

மண் கலவைக்கு வருவோம். இங்கே மண் என்று சொல்வதே தப்பு, ஏனென்றால் மண் கூடவே கூடாது. நர்சரிச் செடிகள் பெரும்பாலும் செம்மண் உருண்டையோடும், சில நேரம் வெறும் தென்னை நார்த்தூளோடும் வருகின்றன. செம்மண் காய்ந்தால் கல்லாக இறுகும், நனைந்தால் சேறாகும். நார்த்தூள் மேலே காய்ந்து தெரிந்தாலும் உள்ளே ஒரு வாரம் ஈரம் பிடித்துக்கொண்டிருக்கும். வாங்கி வந்த செடியைப் பத்து நாள் இடத்துக்குப் பழக விட்டு, பிறகு பழைய மண்ணை முழுக்க உதிர்த்துக் கலவையை மாற்றிவிடுங்கள். மழைக்காலத்தில் வாங்கினால் மட்டும் தை வரை பொறுங்கள், அதுவரை மழை படாத இடத்தில் வைத்தால் போதும்.

கலவை இது: கரடுமுரடான மணலும் பட்டாணி அளவுக்கு உடைத்த செங்கல் துண்டும் சேர்ந்து மூன்று பங்கு, உமிக்கரி ஒரு பங்கு, நன்றாக மக்கிய தொழு உரமோ மண்புழு உரமோ ஒரு பங்கு. மணலைக் கொசுவலை போன்ற சல்லடையில் சலித்து, கீழே விழும் பொடியைத் தூக்கிப் போடுங்கள். எம் சாண்ட் பயன்படுத்தினால் கழுவாமல் போடவே கூடாது, அதிலுள்ள கல்மாவு நாலு தடவை தண்ணீர் ஊற்றியதும் சிமெண்ட் பூசியதுபோல் அடியில் படியும். செங்கல்லையும் உடைத்த பிறகு தூசி போகக் கழுவுங்கள். 10 அங்குலத் தொட்டிக்கு வேப்பம் புண்ணாக்கு ஒரு கைப்பிடி, எலும்புத் தூள் இரண்டு ஸ்பூன். சரியாக வந்ததா என்று பார்க்க, தொட்டி நிறையத் தண்ணீர் ஊற்றுங்கள். பத்து விநாடிக்குள் மேலே தேங்கியது மறைந்து, அடித்துளையில் ஒழுக ஆரம்பிக்க வேண்டும். குளம் கட்டி நின்றால் இன்னும் கல் சேருங்கள்.

தொட்டி அகலமாக, ஆழம் குறைவாக இருக்கட்டும். மண் தொட்டி நல்லது, சுவர் வழியாகவும் ஈரம் ஆவியாகும். வேர்க்கட்டியை விட இரண்டு அங்குலம் அகலம் போதும். "பெரிசா வளரட்டும்" என்று சின்னச் செடியைப் பெரிய தொட்டியில் வைப்பது ஆசையாகத்தான் இருக்கும், ஆனால் வேர் எட்டாத இடத்திலுள்ள ஈரத்தைக் குடிக்க ஆளில்லை, அழுகல் அங்கிருந்துதான் தொடங்கும். அடித்தட்டு வைக்கவே வேண்டாம். தொட்டியை இரண்டு செங்கல் மேல் தூக்கி வையுங்கள்.

தண்ணீர் விஷயத்தில் நாள் கணக்கு வேலைக்காகாது. விரலை இரண்டு அங்குலம் உள்ளே விட்டுப் பாருங்கள், அல்லது ஐஸ் குச்சி ஒன்றைச் செருகி எடுத்துப் பாருங்கள். காய்ந்திருந்தால் ஊற்றலாம், ஊற்றினால் அடியில் வழியும் வரை. கொஞ்சமாகத் தெளித்துவிட்டுப் போனால் மேல் வேருக்கு மட்டும் கிடைக்கும், அடிவேர் காய்ந்து சாகும். மேலே சொன்ன கலவையில், கத்திரி வெயிலில், இலை அடர்ந்த செடி தினமும் தண்ணீர் கேட்கும். தாராளமாகக் கொடுங்கள். சூடும் வெளிச்சமும் இருக்கும்போது அது உறிஞ்சுகிற வேகம் ஆச்சரியப்படுத்தும். மார்கழிக் குளிரில் இலை பழுத்து உதிர்வது நோயல்ல, ஓய்வு. அப்போது குடிக்கும் வாயே மூடிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். இலையில்லாத செடிக்குப் பத்துப் பதினைந்து நாளுக்கு ஒரு முறை அரை டம்ளர் போதும். ஆழ்துளைக் கிணற்றின் உப்புத் தண்ணீர் ஊற்றுகிறவர்கள், வெயில் காலத்தில் மாதம் ஒரு முறை இரண்டு மடங்கு ஊற்றிச் சேர்ந்த உப்பைக் கழுவிவிடுங்கள். இலை ஓரம் கருகுவது பல நேரம் இந்த உப்பால்தான்.

தமிழ்நாட்டில் அடீனியத்துக்கு ஆபத்தான காலம் வடகிழக்குப் பருவமழை. புரட்டாசி பாதியிலேயே உரத்தை நிறுத்திவிடுங்கள். அதற்குப் பிறகு கவாத்து (கிளை வெட்டுதல்), தொட்டி மாற்றம் எதுவும் கூடாது, ஈரக் காற்றில் எந்தக் காயமும் அழுகலுக்கு வாசல். காப்பர் ஆக்ஸிகுளோரைடு என்ற பூஞ்சைக்கொல்லியை லிட்டருக்கு 2.5 கிராம் கலந்து தண்டும் வேரும் நனையும்படி ஒரு முறை ஊற்றுங்கள். பிறகு மழை படாத, வெளிச்சம் உள்ள இடத்துக்கு மாற்றுங்கள். நகர்த்த முடியாத பெரிய தொட்டி என்றால் ஒரு பக்கம் செங்கல் கொடுத்துச் சாய்த்து வையுங்கள். தண்டைச் சுற்றிப் பாலித்தீன் தாளால் மேல் மண்ணை மூடலாம், ஆனால் வெயில் வந்த நாளில் தாளை எடுத்துவிட வேண்டும்.

இவ்வளவு செய்தும் அடித்தண்டு மெத்தென்று ஆனால் பதறாதீர்கள். மெத்தென்று ஆவதில் இரண்டு வகை உண்டு, சிகிச்சை ஒன்றுக்கொன்று நேர் எதிர். தாகத்தில் சுருங்கிய தண்டு எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி, காற்று குறைந்த பந்துபோல் அமுங்கும். தோல் லேசாகச் சுருக்கம் விழும், நிறம் மாறாது. நன்றாகத் தண்ணீர் கொடுத்தால் நாலைந்து நாளில் பழையபடி இறுகும். அழுகிய தண்டு ஓரிடத்தில் மட்டும், பெரும்பாலும் மண்மட்டத்தில், பழுத்த தக்காளிபோல் குழையும். அந்த இடம் பழுப்பாகும், நாற்றம் வரும், அழுத்தினால் நீர் கசியும். மண் ஈரமாக இருந்தும் செடி வாடி, இலை பழுத்தால் வேர் போய்விட்டது என்று பொருள். வாடுகிறதே என்று மேலும் தண்ணீர் ஊற்றிக் கொன்றுவிடுவது இந்தக் கட்டத்தில்தான்.

அழுகல் என்று உறுதியானால் நாளைக்குப் பார்க்கலாம் என்று விடாதீர்கள். செடியைப் பிடுங்கி வேரைக் கழுவுங்கள். கூரான கத்தியை ஸ்பிரிட்டில் துடைத்து, குழைந்த பகுதியை வெட்டுங்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் இடையில் மறுபடி துடைக்க வேண்டும், இல்லாவிட்டால் நோயை நாமே நல்ல சதைக்குள் கொண்டுபோய் வைக்கிறோம். வெட்டிய முகம் முழுக்க வெள்ளையாகத் தெரியும் வரை நிறுத்தாதீர்கள். ஒரு பழுப்புப் புள்ளி, ஒரு கோடு மிச்சமிருந்தாலும் அது திரும்ப வரும். இரக்கப்பட்டுப் பாதியில் நிறுத்துவதால்தான் பல செடிகள் இரண்டாம் தடவை அழுகுகின்றன. அடித்தண்டில் பாதி போனாலும் பரவாயில்லை, மேலே நல்ல சதை இருந்தால் பிழைக்கும். வெட்டில் பூஞ்சைக்கொல்லிப் பொடியைக் குழைத்துப் பூசி, காற்றோட்டமான நிழலில் தலைகீழாகத் தொங்கவிடுங்கள், அல்லது வெட்டு மேலே இருக்கும்படி சாய்த்து வையுங்கள். சின்னக் காயத்துக்கு ஒரு வாரம், பெரிய வெட்டுக்கு இரண்டு வாரம். காயம் தோல்போல் காய்ந்த பிறகு, உரம் எதுவும் சேர்க்காமல் வெறும் மணல், செங்கல், உமிக்கரியில் நட்டு, இன்னும் ஒரு வாரம் கழித்து முதல் தண்ணீர். துளிர் வரும் வரை கஞ்சத்தனமாகவே ஊற்றுங்கள்.

இனி பூ. அடீனியம் கிளை நுனியில்தான் பூக்கும். நாலு கிளைக்கு நாலு கொத்து, இருபது கிளைக்கு இருபது கொத்து, கணக்கு அவ்வளவுதான். தை கடைசியில், குளிர் விலகி வெயில் ஏறும்போது கவாத்து செய்யுங்கள். அடித்தண்டிலிருந்து நாலைந்து அங்குலம் விட்டு எல்லாக் கிளைகளையும் சாய்வாக வெட்டுங்கள். பால் நிற்கும் வரை தண்ணீரில் கழுவிப் பூஞ்சைக்கொல்லி தடவுங்கள். மூன்று வாரத்துக்குள் ஒவ்வொரு வெட்டுக்கும் கீழே இரண்டு மூன்று துளிர்கள் கிளம்பும். மொட்டு வர இரண்டரை, மூன்று மாதம் ஆகும். நேர் வெயில் ஆறு மணி நேரமாவது வேண்டும். பால்கனி நிழலில் இலை பச்சைப் பசேலென்று இருக்கும், கிளை நீண்டு வளையும், பூ மட்டும் வராது. அதற்கு உரக் கடையில் மருந்து கிடையாது.

தொட்டி மாற்றத்தையும் இதே பருவத்தில், இரண்டு வருடத்துக்கு ஒரு முறை வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறையும் அடித்தண்டை ஓர் அங்குலம் மேலே தூக்கி நட்டால், மண்ணுக்குள் பருத்த வேர்கள் வெளியே தெரிந்து செடி வயதான மரம்போல் அழகாகும். ஒரேயடியாகத் தூக்கிவிட்டால், வெயில் பார்த்திராத தோல் வெந்துபோகும். வேரை வெட்டியிருந்தால் ஒரு வாரம் தண்ணீர் காட்டாதீர்கள்.

உரத்தில் தழைச்சத்து குறைவாக இருக்கட்டும். யூரியா, புதுச் சாணம் போட்டால் கிளை கொழுகொழுவென்று நீளும், எளிதில் அழுகவும் செய்யும். துளிர் வந்த பிறகு தழை, மணி, சாம்பல் சத்துகள் சமமாக உள்ள 19:19:19 உரம் லிட்டருக்கு ஒரு கிராம், பதினைந்து நாளுக்கு ஒரு முறை. கிளை ஒரு சாண் ஆனதும் சாம்பல் சத்து மிகுந்த 13:0:45க்கு மாறலாம், அதே அளவு. ஈர மண்ணில்தான் ஊற்ற வேண்டும்.

பூச்சிகளில் மாவுப்பூச்சியும் சிவப்புச் சிலந்தியும் வழக்கமானவை. இலை மங்கித் தூசி படிந்ததுபோல் இருந்து, அடிப்புறத்தில் மெல்லிய வலை தெரிந்தால் சிலந்தி. கோடையில்தான் வரும், இலையின் அடிப்புறம் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தாலே பாதி போய்விடும். மொட்டுகள் கோணலாகிக் கருகி உதிர்ந்தால் இலைப்பேன். மாவுப்பூச்சிக்கும் இதற்கும் வேப்பெண்ணெய் 5 மில்லி, சோப்புக் கரைசல் சில துளி, ஒரு லிட்டர் தண்ணீர், ஐந்து நாள் இடைவெளியில் மூன்று முறை. சாயங்காலத்தில்தான் தெளிக்க வேண்டும், வெயிலில் எண்ணெய் இலையைப் பொசுக்கும். ஒரே ராத்திரியில் கிளை மொட்டையானால் மருந்து தேடாதீர்கள், விரல் தடிமனில் பச்சைப் புழு ஒன்று, தலைப்பக்கம் கண்போல் நீலப் பொட்டுகளோடு ஒளிந்திருக்கும். அரளியைத் தின்னும் அந்துப்பூச்சியின் புழு அது. எடுத்துக் கொல்லைப்புற அரளியில் விட்டுவிடலாம்.

புதுச் செடி வேண்டுமென்றால் விதையா, கிளையா, ஒட்டா? கிளையை நட்டால் பிழைக்கும், ஆனால் விதைச்செடிக்கு வருகிற பருத்த அடித்தண்டு அதற்கு அமைவது அரிது. விதையில் அடித்தண்டு அருமையாக வரும், பூவின் நிறமும் அடுக்கும் தாயைப்போல் வரும் என்று சொல்ல முடியாது. அதனால்தான் அடுக்குப் பூ ரகங்களை விதைச்செடியின் மேல் ஒட்டுக் கட்டுகிறார்கள். விற்பனைக்கு வருபவற்றில் பெரும்பாலானவை இப்படிப்பட்டவையே. ஒட்டுக்குக் கீழேயிருந்து கிளம்பும் துளிரை அன்றன்றே கிள்ளிவிடுங்கள். அது வேகமாக வளரும், மேலுள்ள ரகத்தைப் பட்டினி போட்டுவிடும். ஒரு வருடம் கழித்து "வாங்கும்போது அடுக்குச் சிவப்பு, இப்போ ஒத்தை ரோஸ் பூக்குதே" என்று கேட்பவர்களின் செடியில் நடந்தது இதுதான்.

விதை சேர்க்க நினைத்தால், ஆட்டுக்கொம்புபோல் இரட்டையாக வரும் காய் பச்சையாக இருக்கும்போதே இரண்டு மூன்று இடத்தில் நூலால் சுற்றிக் கட்டுங்கள். முற்றியதும் அது தானாக வெடிக்கும், விதையின் இரு முனையிலும் பஞ்சு இருப்பதால் ஒரு காற்றில் தெருக்கோடிக்குப் போய்விடும். பஞ்சை நீக்கி, கலவையின் மேல் படுக்கைவாட்டில் வைத்து, அரை சென்டிமீட்டர் மணலால் மூடுங்கள். புது விதை என்றால் ஒரு வாரத்துக்குள் முளைக்கும். நாட்பட நாட்பட முளைப்பு குறையும், அதனால் எடுத்த மாதமே போட்டுவிடுவது நல்லது.