கணு எங்கே, மொட்டு எங்கே

பூக்கும் தாவரங்களின் புற அமைப்பியலைக் கற்பிப்பது எளிது என்று வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குத் தோன்றும். செடி கண்ணெதிரே இருக்கிறது, வேரையும் தண்டையும் இலையையும் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை என்ற எண்ணத்தோடு பதினோராம் வகுப்புக்கு வரும் மாணவர்கள், சில நாட்களிலேயே கலைச்சொற்களின் பெருக்கத்தைக் கண்டு மிரண்டு, பொருளை விட்டுவிட்டுப் பெயர்களை மட்டும் உருப்போடத் தொடங்கிவிடுவார்கள். கோபிசெட்டிபாளையம் வட்டாரத்தில் தாவரவியல் ஆசிரியராகப் பணியாற்றிய காலத்தில் நான் திரும்பத் திரும்பக் கண்டது இதைத்தான். கொடிவேரி அணையிலிருந்து பிரியும் தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்களின் பாசனத்தில் நெல்லும் மஞ்சளும் வாழையும் கரும்பும் விளைவிக்கும் வீட்டுப் பிள்ளைகள் அவர்கள். விதை மஞ்சளைத் தேர்ந்தெடுக்கவும் வாழைக்கன்றைப் பிரித்து நடவும் தெரிந்தவர்கள், ரெக்கார்டு நோட்டில் மட்டும் தாங்கள் கண்டிராத செடியைப் படம் பார்த்து வரைந்துகொண்டிருந்தார்கள்.

ஓர் உறுப்பு இன்னது என்பதை அதன் நிறமோ பருமனோ தீர்மானிப்பதில்லை. அது அமைந்திருக்கும் இடமே தீர்மானிக்கிறது. தண்டு என்றால் கணுவும் கணுவிடையும் இருக்கும். கணுவில் இலையோ, இலை சுருங்கிய செதிலோ இருக்கும். அதன் கோணத்தில், அதாவது இலை தண்டோடு சேரும் இடுக்கில், ஒரு மொட்டு இருக்கும். அந்த மொட்டுதான் கிளையாகவோ பூவாகவோ வளரும். வேருக்கு இந்த ஒழுங்கு கிடையாது. இது ஒன்று பிடிபட்டால் பாடத்தின் பெரும்பகுதி தானாகவே திறந்துகொள்ளும் என்பது என் கணிப்பு. முருங்கைக் கீரையை உருவும்போது கையில் மிஞ்சும் ஈர்க்கைக் கிளை என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். சிற்றிலைகள் ஒட்டியிருந்த இடங்களில் மொட்டைத் தேடச் சொல்வேன், இருக்காது. மொத்த ஈர்க்குக்கும் சேர்த்து ஒரே ஒரு மொட்டு, அது மரத்தோடு சேரும் அடிப்பகுதியின் கோணத்தில் இருக்கும். ஆகவே, முழ நீளம் இருந்தாலும் அது ஒற்றை இலைதான்.

மஞ்சள்கிழங்கு மண்ணுக்குள் இருப்பதால் அதை வேர் என்று சொல்லும் வழக்கத்தை மாற்றுவதற்குப் படமோ விளக்கமோ தேவைப்படவில்லை. வேக வைக்காத கிழங்கை மேசையில் வைத்து, சுற்றிலும் வளையம் வளையமாக ஓடும் கோடுகள் எவை என்று கேட்டால் போதும். அவை கணுக்கள், அவற்றில் ஒட்டியிருக்கும் காய்ந்த சருகு, செதில் இலை, அதன் கோணத்தில் புடைத்திருப்பது மொட்டு. தாய்க்கிழங்கின் இத்தகைய மொட்டுகள் வளர்ந்துதான் விரலி உண்டாகிறது. அதாவது ஈரோட்டு மண்டியில் குண்டு என்றும் விரலி என்றும் தனித்தனியாக விலைபேசப்படுபவை ஒரு தண்டும் அதன் கிளைகளுமே. "அப்போ வெளியில நிக்கிறது தண்டில்லைங்களா சார்?" என்று ஒரு மாணவி கேட்டாள். மண்ணுக்கு மேலே தண்டைப்போல் நிற்பது இலையுறைகள் ஒன்றையொன்று தழுவி உண்டாக்கிய பொய்த்தண்டு என்று நான் சொல்வதற்குள், வாழையும் அப்படித்தானே என்று பின்வரிசையிலிருந்து ஒருவன் சொல்லிவிட்டான்.

மரவள்ளி இதற்கு நேர்மாறானது. அதன் கிழங்கு பருத்த வேர். கணு இல்லை, செதில் இல்லை. அதனால்தான் உழவர் கிழங்கை நடாமல் தண்டைத் துண்டுகளாக வெட்டி நடுகிறார். மேட்டுப்பாளையம் மண்டிக்கு வரும் உருளைக்கிழங்கின் ஒவ்வொரு கண்ணும் ஒரு கணு, ஆகவே அது தண்டு. இந்த அளவில் நிறுத்திக்கொண்டால் பாடம் அழகாக முடிந்துவிடும். ஆனால் சர்க்கரைவள்ளி வேராக இருந்தும் முளைவிடுகிறதே என்று யாராவது கேட்பார்கள். கேட்க வேண்டும். அந்த முளைகள் இலைக்கோணத்தில் வருபவை அல்ல, ஒழுங்கின்றி வேற்றிடத்தில் தோன்றுபவை என்பதைக் கிழங்கைப் பார்த்தே அவர்கள் கண்டுகொள்வார்கள். விதிவிலக்குகளை மறைத்துக் கற்பிக்கும் பாடம் தேர்வு முடிந்த மறுநாளே மறந்துபோகிறது.

காங்கேயம், தாராபுரம் பக்கத்துக் கொறங்காடுகளை, அதாவது வேலியிட்ட மேய்ச்சல் நிலங்களைப் போல முட்களைப் படிக்க ஏற்ற இடம் வேறில்லை. கொழுக்கட்டைப்புல் மேய்ச்சலைச் சுற்றிக் கிளுவை உயிர்வேலி. உள்ளே ஆங்காங்கே வெள்வேல மரங்கள். ஓரங்களில் இலந்தையும் சப்பாத்திக்கள்ளியும். குத்துவதில் இவை எல்லாம் ஒன்றுதான், பிறப்பில் வேறு வேறு. கிளுவையின் முள், நுனி கூர்த்துப்போன கிளை. வெள்வேலிலும் இலந்தையிலும் இலையடிச் செதில்களே முட்களாகியிருக்கின்றன. இலைக்காம்பின் இருபுறமும் பார்த்தால் தெரிந்துவிடும். கள்ளியில் நாம் இலை என்று நினைக்கும் தட்டையான பச்சை உறுப்பு தண்டு. அதன் உண்மையான இலைகள் இளந்தண்டில் சிறு ஊசிகளாகத் தோன்றிச் சீக்கிரமே உதிர்ந்துவிடுகின்றன. முட்கள் அந்த இலைகளின் கோணத்தில் உள்ள மொட்டிலிருந்து வருகின்றன. ரோஜாவின் முள்ளுக்கோ கணுவோடு எந்தத் தொடர்பும் இல்லை, தோலோடு சேர்த்துப் பெயர்ந்து வந்துவிடும்.

பூவுக்கு வரும்போது நான் மிகவும் நம்பியது பருத்தியை. செம்பருத்தி எல்லாப் பள்ளி வளாகத்திலும் கிடைக்கும் என்றாலும், தோட்டங்களில் வளர்வன பெரும்பாலும் காய் பிடிப்பதில்லை. மொட்டிலிருந்து விதைவரை ஒரே செடியில் தொடர்ந்து பார்க்கப் பருத்திதான் வசதி. உழவர் சப்பை என்று சொல்லும் இளமொட்டை மூடியிருக்கும் மூன்று பெரிய, ஓரம் கிழிந்த மடல்கள் புல்லிகள் அல்ல; அவை புல்லிகளுக்கும் வெளியே அமைந்த புறப்புல்லி வட்டம். அவற்றை விலக்கினால்தான் கிண்ணம் போன்ற உண்மையான புல்லி வட்டம் தெரியும். அதற்குள் ஒன்றன் ஓரத்தை அடுத்தது தழுவித் திருகியிருக்கும் ஐந்து அல்லிகள், அதாவது பூவிதழ்கள். அவற்றின் நடுவே மகரந்தத்தாள்கள் எல்லாம் ஒரே கற்றையாக இணைந்த குழல். அந்தக் குழலின் ஊடாகச் சூல்தண்டு மேலேறி வருகிறது. காலையில் வெளிர்நிறமாக விரிந்த பூ மறுநாள் சிவந்துவிடுவதையும், இரண்டு பூக்களையும் பக்கத்தில் வைத்து அவர்கள் குறித்துக்கொள்வார்கள். காய்ப்புக் கிளையில் பூ இலைக்கோணத்தில் இல்லாமல் இலைக்கு எதிரே நிற்பதைக் கண்டு, நான் கற்பித்த ஒழுங்கே தவறு என்று வாதிட்டவர்கள் உண்டு. அங்கே கிளையின் நுனியே பூவாக முடிந்துவிடுகிறது. அருகிலுள்ள இலையின் கோணமொட்டு வளர்ச்சியைத் தொடர்கிறது. அதுவும் பூவில் முடிய, அடுத்த மொட்டு தொடர்கிறது. அந்தக் கிளை வளைந்து வளைந்து செல்வதன் காரணமும் இதுவே. கோணத்தில் மொட்டு உண்டு என்ற ஒழுங்கைத் தெரிந்தவர்களால் மட்டுமே இந்தக் குழப்பத்தை எழுப்ப முடியும் என்பதால், அந்த வாதம் எனக்கு மிகவும் பிடித்தமானது.

பிறகு பஞ்சு. திருப்பூரின் பனியன் கம்பெனிகளுக்குப் பெற்றோரை அனுப்பிவைக்கும் ஊர்களில், நூலைத் தொடாத பிள்ளை கிடையாது. ஆனால் பஞ்சு என்பது விதையுறையின் வெளித்தோலிலிருந்து நீளும் மயிர் என்பதும், ஒவ்வோர் இழையும் ஒற்றைச் செல் என்பதும் அவர்களுக்குப் புதிய செய்தியாகவே இருந்தன. கோயம்புத்தூரில் 1970களில் உருவான சுவின் என்ற பருத்தி இரகத்தில் அந்த ஒற்றைச் செல் 38 மி.மீ. அளவுக்கு நீள்கிறது. செல் என்றால் நுண்ணோக்கியில் மட்டுமே தெரிவது என்று எழுதிப் பழகியவர்கள், அதை விரலில் சுற்றிப் பார்ப்பார்கள்.

வாழைப்பூவைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. அம்மிச்சிக்கு, அதாவது அம்மாவின் அம்மாவுக்கு, சமையலில் கூடமாட உதவி, பூவுக்குள் இருக்கும் கள்ளனை உருவி எறிந்த கைகள் அந்தப் பிள்ளைகளுடையவை. எறிவது விறைத்த சூல்தண்டும் அதன் தலையிலுள்ள சூல்முடியும் என்று பெயர் மட்டும் சொன்னால் போதும்.

பூவின் உறுப்புகள் அமைந்திருக்கும் முறையைக் காட்டும் மலர் வரைபடம்தான் நெடுங்காலம் பிடிவாதமாக நின்றது. வரைபடத்தின் மேலே ஒரு புள்ளியும் கீழே ஒரு பூவடிச் செதிலும் வரைய வேண்டும் என்பதை எல்லாரும் அறிந்திருப்பார்கள்; அந்தப் புள்ளி பூவைத் தாங்கும் தாய் அச்சு இருக்கும் பக்கத்தைக் குறிக்கிறது என்பதை நினைப்பதில்லை. பூவைப் பறித்து மேசைக்குக் கொண்டுவந்த பின், எந்தப் பக்கம் தண்டை நோக்கியிருந்தது என்பது எவருக்கும் தெரியாது. ஆகவே, பறிக்கும் முன்பே அச்சை நோக்கிய புல்லியில் மையால் ஒரு பொட்டு வைக்கச் சொன்னேன். அகத்தியில் பொட்டுக்கு நேராகக் கொடியல்லி என்னும் பெரிய இதழ் வந்தது, பாடநூல் சொன்னபடியே. சங்குப்பூவில் வரவில்லை; பொட்டு, எதிர்ப்புறம் படகு போல் அமைந்த படகல்லிகளின் பக்கம் இருந்தது. காம்பு முறுக்கி முழுப் பூவும் தலைகீழாகத் திரும்பியிருப்பதை அவர்கள் காம்பைப் பிடித்துப் பார்த்துத்தான் கண்டார்கள். கண்டதை அப்படியே வரைந்த ஒரு மாணவிக்குச் செய்முறைத் தேர்வில் மதிப்பெண் குறைந்தது. வந்திருந்த தேர்வாளரிடம் பூவைக் காட்டி விளக்கினேன். புத்தகத்தில் உள்ளதே விடை என்றார். அவரோடு வாதாடி நேரத்தை வீணாக்கவில்லை. ஆனால் மாணவியின் வரைபடம் சரியானது என்று மறுநாள் வகுப்பில் எல்லார் முன்னும் சொன்னேன்.

கோயம்புத்தூரில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையத்தில் உள்ள உலர்தாவரத் தொகுப்புக்கு மாணவர்களை அழைத்துச் சென்றதும் இதே நோக்கத்தில்தான். ஆனைமலைத் தாவரங்களைப் பற்றி 1921இல் எழுதிய ஃபிஷர் போன்றவர்களின் காலத்தில் இலையும் பூவும் காயும் ஒட்டிய கிளையாகவே செடியைச் சேகரித்தார்கள். பூவை மட்டும் கிள்ளி ஒட்டிய தாள் அங்கே மதிப்பற்றது. அதைப் பார்த்த பின் என் பள்ளித் தேர்வுகளில் தனிப் பூவையும் தனி இலையையும் வைப்பதை நிறுத்திவிட்டு, ஒவ்வொருவருக்கும் ஒரு முழுக் கிளையைக் கொடுக்கத் தொடங்கினேன். நேரம் கூடுதலாகப் பிடிக்கிறது, மேசையெல்லாம் பாலும் சருகுமாகிவிடுகிறது என்று ஆய்வக உதவியாளர் குறைபட்டுக்கொண்டார். அவர் சொன்னது உண்மைதான். நீட் தேர்வுக்குத் தயாராகும் பிள்ளைகளின் பெற்றோர் சிலருக்கும் இதில் உடன்பாடில்லை. விடைத்தாள்களில் அதன் பிறகு வந்த பிழைகள் வேறு வகையானவை: கலைச்சொல்லை மறந்தவர்கள் கூட, உறுப்பு எது என்பதற்குக் காரணமாகக் கணுவையும் மொட்டையும் எழுதியிருந்தார்கள். அத்தகைய விடைகளுக்குப் பாதிக்கு மேல் மதிப்பெண் வழங்கினேன்.