கொஞ்சம் கூடுதலாக ஒரு முறுக்கு

கோலாலம்பூர் செந்தூலில் நான் முதலில் சேர்ந்த கார் பட்டறையில், ஒரு மைவி காரின் வால்வு கவர் கேஸ்கட்டை மாற்றச் சொன்னார் அண்ணே. இஞ்சின் ஹெட்டுக்கும் அதன் மேல்மூடிக்கும் நடுவே எண்ணெய் கசியாமல் அடைக்கும் ரப்பர் அது. எக்ஸாஸ்ட் மேல் எண்ணெய் சொட்டி, சிக்னலில் நின்றாலே கருகல் வாடை. ஸ்பார்க் பிளக் குழிக்குள்ளும் எண்ணெய் இறங்கியிருந்ததால் இஞ்சின் திக்கித் திக்கி ஓடியது.

எண்ணெய் கசிகிறதா, நன்றாக முறுக்கு. எனக்குத் தெரிந்த வைத்தியம் அவ்வளவுதான். அப்பா இதே செந்தூலில் ரயில்வே பட்டறையில் இருந்தவர். ஸ்பேனரில் ஆள் தொங்கி முடுக்கும் கதைகளைக் கேட்டு வளர்ந்த கை இது.

மூன்றாவது போல்ட்டில் கை சட்டென்று இலேசானது. ஸ்பேனர் சும்மா சுற்றியது. கழற்றினால், போல்ட்டின் மரையில் அலுமினியம் சுருள் சுருளாக ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது. இரும்பு போல்ட்டோடு அலுமினிய ஹெட் எங்கே மல்லுக்கட்டும்? அண்ணே திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. ஹெலிகாயில் என்ற கம்பிச் சுருளைப் போட்டு மரையைச் சரிசெய்வதற்குள் அரை நாள் போயிற்று.

அப்புறம்தான் சொன்னார். பல சின்னக் காடிகளில், அதாவது கார்களில், அந்த போல்ட்டுக்கு 8 முதல் 10 நியூட்டன் மீட்டர் முறுக்கு போதும். சக்கர நட்டுக்கு 100 பக்கம் போகும். எந்த இஞ்சினுக்கு எவ்வளவு என்று அதன் கையேட்டைப் பார்க்க வேண்டும். நிறைய போல்ட்டுகளுக்குக் கழுத்தில் ஒரு தடிப்பு உண்டு. அது போய் முட்டியதும் ரப்பர் அமுங்க வேண்டியது அமுங்கியாயிற்று. அதற்கு மேல் முறுக்கினால் மரைதான் பாதிக்கும். தடிப்பு இல்லாத போல்ட் என்றால் ரப்பர் பிதுங்கி, புதுக் கேஸ்கட்டே ஒழுகும்.

பழையது ஒழுகியதும் போல்ட் தளர்ந்து அல்ல. சூட்டில் ரப்பர் காய்ந்து குச்சி மாதிரி ஆகிவிட்டது. அதனால் இப்போது எனக்குப் பாதி நேரம் கேஸ்கட் உட்காரும் பள்ளத்தையும் ஹெட்டின் விளிம்பையும் துடைப்பதிலேயே போகிறது. கையேடு சொல்லும் மூலைகளில் மட்டும் ஒரு பொட்டு சிலிகான். இஞ்சின் ஆறிய பிறகு, போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளியே, இரண்டு மூன்று சுற்றாக முடுக்குவேன். கடைசிச் சுற்று, முறுக்கை அளந்து சொல்லும் டார்க் ரெஞ்சில்.

போன வாரம் ஓர் அங்கிள் காடியை எடுக்க வந்தார்.

"நல்லா டைட் பண்ணிட்டியா தம்பி?"

"அளவா பண்ணியிருக்கேன் அங்கிள்."

அவர் முகத்தில் திருப்தி இல்லை. வீட்டில் அவரிடம் ஒரு நீள ஸ்பேனர் இருக்கும்போல.