வலிக்காத பல்

எட்டாம் வகுப்பில் கிரிக்கெட் பந்து பட்டு மேல் முன்பல் ஒன்று ஆடியது. சில வாரங்களில் ஆட்டம் நின்றது, அதோடு மறந்தாயிற்று. கல்லூரிக்கு வந்தபோது அந்தப் பல் மட்டும் பழுப்பேறியிருந்தது. வலி இல்லாததால் யாரிடமும் காட்டவில்லை.

இருபது வருடம் கழித்து, ஒருநாள் வாய் கொப்பளிக்கும்போது அந்தப் பல்லுக்கு மேலே ஈறு புடைத்திருப்பது விரலில் தட்டுப்பட்டது. அழுத்தினால் பிங்பாங் பந்துபோல அமுங்கி மீண்டது. சூட்டுக்கட்டி என்று நினைத்து உப்புத் தண்ணீரிலேயே ஒரு மாதம் ஓட்டினேன். இன்றும் வருந்துகிற மாதம் அது.

பல் மருத்துவர் சில்லென்ற பஞ்சை ஒவ்வொரு பல்லிலும் வைத்துப் பார்த்தார். மற்றவை கூசின, இதில் உணர்வே இல்லை. எக்ஸ்ரேயில் வேர் நுனியைச் சுற்றிக் கறுப்பு வட்டம். நீர்க்கட்டி. பந்து பட்டதில் உள்ளே நரம்பு செத்துவிட்டது, அங்கே சேர்ந்த கிருமிகளின் கசிவு வேர் நுனி வழியே வெளியேற, உடம்பு அதைச் சுற்றிப் பை கட்டியிருக்கிறது என்றார். பைக்குள் நீர் சேரச் சேர, சுற்றியுள்ள எலும்பு கரையும். சீழ் பிடிக்கும்வரை பெரும்பாலும் வலியே தெரியாதாம்.

"உதடு மரத்துப் போகிறதா? பக்கத்துப் பல் நகர்ந்ததா?" என்று கேட்டார். இல்லை என்றேன். அப்படி இருந்தால் ஒருநாளும் தள்ளிப்போடாதீர்கள், வாயில் எந்தக் கட்டியோ புண்ணோ 2 வாரத்தில் போகாவிட்டால் வந்துவிடுங்கள் என்றார்.

முதலில் ரூட் கெனால், அதாவது செத்த நரம்பை எடுத்துப் பல்லின் உள்ளே சுத்தம் செய்து அடைப்பது. அப்புறம் மரத்துப்போக ஊசி போட்டு, ஈறைப் பிரித்து, பையை முழுசாக எடுத்து, வேர் நுனியை வெட்டி அடைத்தார்கள். ஊசி குத்தியதுதான் வலித்தது. மூன்று நாள் உதடு வீங்கிக் கஞ்சிதான் சாப்பாடு. ஏழாம் நாள் தையல் பிரித்தார்கள். எக்ஸ்ரேயில் ஒரே மாதிரி தெரிகிற வேறு கட்டிகளும் உண்டு என்பதால் பையைப் பயாப்ஸிக்கு (திசுப் பரிசோதனைக்கு) அனுப்பியிருந்தார்கள். முடிவு வரும்வரை எனக்குத் தூக்கமே இல்லை. சாதாரண நீர்க்கட்டிதான் என்று வந்தது.

ஆறு மாதம் கழித்து எடுத்த எக்ஸ்ரேயில் ஓரங்களிலிருந்து எலும்பு வளரத் தொடங்கியிருந்தது.

போன மாதம் தம்பி மகன் சைக்கிளிலிருந்து விழுந்து முன்பல்லை இடித்துக்கொண்டான். "வலிக்கவே இல்லை பெரியப்பா" என்றான். அன்றைக்கே அழைத்துப் போனேன். பல் பிழைக்குமா என்று போகப் போகத்தான் தெரியும், அடுத்த வாரம் மறுபடி பார்க்க வரச் சொல்லியிருக்கிறார்கள்.