பாதுக்கக் குறிப்புகள்

ஜனவரி 3
போயா, முழுநிலா விடுமுறை. பக்கத்துக் கல் குவாரியும் லீவு. யன்னல்கள் எல்லாம் திறந்தபடி. சின்னவள் இருமாமல் தூங்கினாள்.

ஜனவரி 5
வெடிக்கு முன்னால் சங்கு ஊதும். ஊதியதும் கொடியில் கிடப்பதை அள்ளிக்கொண்டு உள்ளே ஓட வேண்டும். இன்று யூனிபோர்ம் தூசிக்குத் தப்பவில்லை. திரும்பவும் தோய்த்தேன்.

ஜனவரி 6
கிளினிக். சின்னவளுக்கு மூச்சுக்கு இழுக்கும் பம்ப், காலையும் இரவும். வீட்டுக்குக் கிட்ட என்ன இருக்கிறது என்று டொக்டர் கேட்டார். குவாரியில் கல் உடைக்கும் க்ரஷர் என்றேன். எழுதிக்கொண்டார், அவ்வளவுதான்.

ஜனவரி 8
குவாரித் தூசி பற்றி முறைப்பாடு கொடுக்கப் போன இடத்தில் அதிகாரி ஒரு பாடம் நடத்தினார். இந்த மாதங்களில் வடகிழக்குக் காற்று இந்தியப் பக்கத்துப் புகையைக் கொண்டுவருமாம், கொழும்பு முழுக்க இப்படித்தானாம். பொய்யில்லை. வெள்ளவத்தையில் தங்கச்சி வீட்டு பல்கனியிலிருந்து பார்த்தாலும் இப்போது கடல் மங்கல்தான். ஆனால் காற்றோடு அவ்வளவு தூரம் வருவது கண்ணுக்குத் தெரியாத நுண்துகள். எங்கள் வாழையிலையில் விரலை வைத்தால் நறநறக்கிறதே, அது கருங்கல். இந்தியாவிலிருந்து கல்லுமா பறந்து வருகிறது? அளவு இருந்தால் காட்டுங்கள் என்றார். நான் எதை வைத்து அளப்பது? பிஎம் 10க்கு, அதாவது மூச்சோடு உள்ளே போகும் சிறு தூசிக்கு, நம் நாட்டில் 24 மணித்தியால எல்லை கன மீட்டருக்கு 100 மைக்ரோகிராம், உலக சுகாதார நிறுவனம் 2021இல் சொன்னது 45. இதைக்கூட நான்தான் போனில் தேடிப் படித்தேன்.

ஜனவரி 9
தூசி அடங்கத் தெளிக்க குவாரிக்குத் தண்ணீர் பவுசர் வந்தது. யாரோ பரிசோதனைக்கு வருகிறார்கள் போல.

ஜனவரி 11
பவுசரைக் காணோம்.

ஜனவரி 12
இவர் ஓட்டுவதும் அந்தக் குவாரி டிப்பர்தான். லோட் இராஜகிரியவுக்கு, ஏதோ மாடிக் கட்டடம். தான் தறப்பாள் கட்டுகிறாராம், மற்றவர்கள்தான் கட்டுவதில்லையாம். சரி, க்ரஷருக்குக் கீழே லொறியை நிறுத்தி லோட் ஏற்றும்போது எந்தத் தறப்பாள்? கருங்கல்லில் குவார்ட்ஸ் இருக்கிறது. அதன் நுண்தூள் நுரையீரலில் தங்கினால் வடு விழும், பிறகு அதை மாற்ற மருந்தில்லை. சின்னவளின் இருமலையே கேட்டுக்கொண்டு இருந்துவிட்டேன். பின்வாசலில் இவர் காறித் துப்புவது எத்தனை காலமாக? கேட்டால் பீடிதான் காரணமாம். பீடியை விட்டு வருஷக்கணக்காகிறது!

ஜனவரி 15
முற்றத்தில் பொங்கவில்லை. கேஸ் அடுப்பில்தான். மாமிக்குக் கோபம். இருக்கட்டும்.

ஜனவரி 18
பக்கத்து வீட்டு அக்கா சிங்களத்தில் எழுதிய கடிதத்தோடு கையெழுத்துக்கு வந்தார். க்ரஷரில் தண்ணீர் தெளிக்க வேண்டும், லொறிகளை மூட வேண்டும், அவ்வளவுதான் கேட்டிருக்கிறார்கள். இவருடைய முதலாளி பெயர்களைப் பார்ப்பார். போட்டேன்.

ஜனவரி 19
இவருக்கும் நெஞ்சுப் படம் எடுக்க வேண்டும் என்றேன். கிழமை நாளில் முடியாதாம், லோட் இருக்கிறதாம். கையெழுத்து விஷயம் இன்னும் சொல்லவில்லை.